கும்பாபிஷேக மலரை வைத்து பிஎச்டி பண்ண முடியுமா?



சென்ற ஆண்டு ஆடித் திருவிழாவுக்கு முன்பு எங்கள் கோயிலில் இளைஞர் பகுதி சார்பாக ஒரு கோத்தோங் ரோயோங் வைத்தோம். ஸ்டோர் அறையைச் சுத்தம் பண்ணும் வேலை என் தலையில் விழுந்தது. நைந்துபோன பந்தல் துணி, கால் உடைந்த நாற்காலிகள், எந்த வருஷத்து என்று தெரியாத சீரியல் பல்புகள். எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே பழைய கும்பாபிஷேக மலர்கள், திருப்பணிக் கணக்கு அச்சடித்த சிறு புத்தகங்கள். பாதியைக் கரையான் தின்றுவிட்டது. "எல்லாம் குப்பைதான் தம்பி, ரோரோ தொட்டியில போட்ருங்க" என்றார் ஓர் அங்கிள். எனக்கு மனசு வரவில்லை. வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் படிப்பது பொறியியல், இறுதியாண்டு. அந்தப் பெட்டியால்தான் 'டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ்' என்ற துறையைத் தேடிப் போனேன். இப்போது அதில் முனைவர் பட்டம் வரை போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கட்டுரையை எழுதக் காரணம், நான் செய்த முதல் தப்பை நீங்கள் செய்யக்கூடாது என்பதுதான்.

முதலில் பெயர். மொழி, இலக்கியம், வரலாறு, சமயம், தத்துவம், கலை எல்லாவற்றையும் சேர்த்து ஆங்கிலத்தில் ஹியூமானிட்டீஸ் என்கிறார்கள். இவற்றைக் கணினியின் துணையோடு ஆராய்வதும், கணினி இவற்றை என்ன செய்கிறது என்று ஆராய்வதும் டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ். நம் ஊர் வழக்கில் 'மின்னிலக்க மானுடத்துறை' என்று சொல்லலாம். சிலர் 'மானுடவியல்' என்று எழுதுகிறார்கள். அது ஆந்த்ரோபாலஜிக்கு உரிய சொல், குழப்பம்தான் வரும்.

இனி என் தப்பு. மலர்களைப் பார்த்ததும் எனக்குள் இருந்த எஞ்சினியர் முழித்துக்கொண்டான். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்வது, எழுத்துணரி மென்பொருளில் போட்டுத் தட்டச்சு வடிவமாக்குவது, தேடக்கூடிய தரவுத்தளம் ஒன்று கட்டுவது. இதை இரண்டு பக்கத் திட்டமாக எழுதி, பைத்தான், நியூரல் நெட்வொர்க், துல்லிய சதவீதம் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் அடுக்கி, ஒரு விரிவுரையாளருக்கு அனுப்பினேன். "முனைவர் பட்ட ஆய்வுக்கு இது போதுமா, ஐயா?" என்று கேட்டிருந்தேன். இரண்டு நாளில் பதில் வந்தது. "தம்பி, இது நல்ல புராஜெக்ட். செய்யுங்கள். ஆனால் ஆய்வு இல்லை. இதில் உங்களுக்கே விடை தெரியாத கேள்வி எது?"

உண்மையைச் சொன்னால் கொஞ்சம் கோபம்தான் வந்தது. ஒரு வாரம் அந்த மின்னஞ்சலைத் திறக்கவே இல்லை.

பிறகு இந்தத் துறை எப்படித் தொடங்கியது என்று படித்தபோதுதான் அவர் கேட்டதன் பொருள் புரிந்தது. இத்தாலியில் ரொபெர்தோ பூசா என்று ஒரு பாதிரியார். அவர் ஏசு சபையைச் சேர்ந்தவர். புனித தாமஸ் அக்குவினாஸின் எழுத்துகளில் 'இறை இருப்பு' என்ற கருத்தைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தார். 'இருப்பு' என்று பொருள்படும் பெரிய இலத்தீன் சொற்களைத் தேடிப் பார்த்தார். அவற்றில் விடை கிடைக்கவில்லை. அக்குவினாஸ் அந்தக் கருத்தைச் சொல்வது 'இன்' என்ற சின்ன முன்னிடைச்சொல்லை வைத்துத்தான் என்று கண்டுகொண்டார். தமிழில் நாம் 'இல்', 'உள்' என்று சொல்கிறோமே, ஏறக்குறைய அந்த மாதிரிச் சொல். அந்த 'இன்' வரும் இடங்களைக் கையாலேயே 10,000 அட்டைகளில் எழுதினார். அதற்குப் பிறகுதான், இதே மாதிரி எல்லாச் சொற்களுக்கும் ஓர் அட்டவணை வேண்டும், மனிதக் கையால் இது முடியாது என்று 1949-இல் நியூயார்க்குக்குப் போய் ஐபிஎம் தலைவர் தாமஸ் வாட்சனைச் சந்தித்தார். துளையிட்ட அட்டைகளில் தொடங்கிய அந்த வேலை சுமார் 30 ஆண்டுகள் நடந்து, 1 கோடிக்கும் மேற்பட்ட சொற்களுக்கான அட்டவணையாக 56 தொகுதிகளில் அச்சானது. அட்டைகளில் துளையிட்டவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள் என்பதும், அவர்கள் பெயர்கள் வெகுகாலம் எங்கும் பேசப்படவில்லை என்பதும் பின்னால் ஆய்வாளர்கள் தோண்டி எடுத்த செய்தி.

கவனியுங்கள், பூசா இயந்திரத்தைத் தேடிப் போனபோது அவர் கையில் ஏற்கெனவே ஒரு கேள்வி இருந்தது. நான் போனபோது என்னிடம் இயந்திரம் மட்டும்தான் இருந்தது.

இது வெளிநாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். நம் சமயத்தில் இதைவிடப் பழைய கதை ஒன்று உண்டு. சமய வகுப்புக்குப் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைத் திறந்தபோது பெரும்பகுதியைக் கரையான் அரித்திருந்தது, எஞ்சியவற்றை நம்பியாண்டார் நம்பி முறையாக வகுத்தார் என்று திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. வகுப்பில் கேட்டபோது எனக்கு அது ஒரு பக்திக் கதை. கரையான் தின்ற மலரைக் கையில் வைத்துக்கொண்டு நினைத்தபோதோ, இது தரவு மேலாண்மைப் பிரச்சினை அல்லவா என்று தோன்றியது. ஒரே பதிகங்களைப் பண்ணின் அடிப்படையில் அடுக்கினால் பண்முறை, கோயில்களின் அடிப்படையில் அடுக்கினால் தலமுறை. பாடுகிற ஓதுவாருக்கு ஒன்று வசதி, தலயாத்திரை போகிறவருக்கு மற்றது வசதி. எப்படி அடுக்குகிறோம் என்பதே, யார் என்ன கேட்கப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இதே தேவாரத்தை 2007-இல் 'டிஜிட்டல் தேவாரம்' என்ற பெயரில் குறுந்தட்டாகப் புதுச்சேரியிலிருந்து வெளியிட்டார்கள். பிரெஞ்சு நாட்டு அறிஞர் ழான்-லுக் செவியார், எஸ்.ஏ.எஸ். சர்மா இருவரும் பதிப்பித்தது. தி.வே. கோபாலையர் பதிப்பின் மூலபாடமும், வி.எம். சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில மொழிபெயர்ப்பும், தலங்களின் வரைபடமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. இணையத்திலும் பார்க்கலாம். ஒரு சொல் எந்தெந்தப் பதிகத்தில் வருகிறது என்று தேடிப் பாருங்கள், அரை நாள் போவதே தெரியாது. அதே போல 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். அதை நடத்திவந்த கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் இருந்த ஒரு வேதியியலாளர். தமிழ்ப் பேராசிரியர் இல்லை! நம்மைப் போன்ற அறிவியல் பக்கத்து ஆட்களுக்கு இந்தத் துறையில் இடம் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சரி, என் மலர்களுக்கு வருவோம். விரிவுரையாளர் மேல் இருந்த கோபம் அடங்கிய பிறகு, ஸ்கேன் பண்ணுவதை நிறுத்திவிட்டு ஒரு மலரை உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். அப்போதுதான் வேடிக்கை ஆரம்பித்தது.

கோயில் வரலாறு என்ற பக்கத்தில், மூலவரைப் பிரதிஷ்டை செய்தது 'விரோதி வருடம் பங்குனி மாதம்' என்று இருந்தது. ஆங்கில ஆண்டு இல்லை. தமிழ் ஆண்டுகள் 60-க்கு ஒரு முறை சுற்றி வருகின்றன. விரோதி 1889-இலும் வந்தது, 1949-இலும் வந்தது, 2009-இலும் வந்தது. கணினியிடம் கேட்டால் மூன்றையும் தரும். இரண்டு பக்கம் தள்ளி, 'சப்பான்காரன் காலத்தில் சிதைந்த கொட்டகையை மாற்றி' என்று ஒரு வரி இருந்ததால் 1949 என்று முடிவு செய்தேன். அதுவும் தப்பு! விரோதி ஆண்டு 1949 சித்திரையில் பிறக்கிறது. அதன் பங்குனி வருவது 1950 மார்ச்சு, ஏப்ரலில். அம்மா கேலண்டரைக் காட்டித் திருத்தினார். ஒரு தேதியைச் சரியாகப் போடுவதற்கு வானியலும் வேண்டும், உள்ளூர் வரலாறும் வேண்டும், அம்மாவும் வேண்டும்.

எழுத்துணரி இன்னொரு தலைவலி. டெசராக்ட் போன்ற இலவச மென்பொருள்கள் தமிழைப் படிக்கின்றன, இன்றைய அச்சை நன்றாகவே படிக்கின்றன. ஆனால் பழைய மலர்களில் தும்பிக்கை வைத்த 'லை', 'னை', 'ணை' எழுத்துகள் வருகின்றன. எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய வடிவம். அங்கெல்லாம் மென்பொருள் தடுமாறிவிடுகிறது. டிரான்ஸ்கிரிபஸ் மாதிரியான தளங்களில் நாமே சில பக்கங்களைத் திருத்திக் கொடுத்து அதைப் பழக்கலாம். ஆனால் அங்கேயும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. யூனிகோடில் பழைய 'லை'க்கும் புதிய 'லை'க்கும் ஒரே குறியீடுதான். தட்டச்சு செய்த நொடியில் பழைய வடிவம் மறைந்துவிடும். பிறகு 'எந்த அச்சகம் எப்போது புதிய எழுத்துக்கு மாறியது?' என்று யாராவது கேட்டால் என் தரவில் விடை இருக்காது. ஆக, எதைப் பதிவு செய்கிறோம் என்பதோடு எதை அழிக்கிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும்.

யூனிகோட் தரும் இன்னொரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன், கம்ப்யூட்டர் சயன்ஸ் படிப்பவர்களுக்குப் பயன்படும். 'கோ' என்ற எழுத்தை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், முன்னால் ஓர் இரட்டைக்கொம்பு, பின்னால் ஒரு கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். தேடலில் வேறு வேறு. 'கௌரி' இன்னும் மோசம், பலர் 'ள' எழுத்தை வைத்தே தட்டிவிடுகிறார்கள். முதல் வேலையாக எல்லாவற்றையும் ஒரே சீராக மாற்றாவிட்டால், உங்கள் கோப்பில் பாதிக் கோயில்கள் காணாமல் போகும். அதற்கு மேல் கோயிலா கோவிலா என்ற வழக்கு தனியாக இருக்கிறது.

ஆனால் எனக்குக் கேள்வி கிடைத்தது வேறு இடத்தில். ஒவ்வொரு மலரின் பின்பக்கத்திலும் நன்கொடையாளர் பட்டியல் இருக்கும், பார்த்திருப்பீர்கள். பெயர், ஊர், எவ்வளவு வெள்ளி. யாரும் படிக்காத பக்கம். தன் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவோம். எங்கள் கோயில் முதலில் தோட்டத்துக் கோயில். தோட்டம் வீடமைப்புப் பகுதியானபோது கோயில் இடம் மாறியது. பழைய மலரின் பட்டியலில் ஊர் என்ற இடத்தில் 'மேட்டு லயம்', 'இரண்டாவது டிவிஷன்', 'ஆயாக் கொட்டகை எதிரில்' என்று இருந்தது. அடுத்த மலரில் அதே பெயர்களுக்கு நேராகக் கிள்ளான், ஷா ஆலம், ஜொகூர் பாரு. அதற்கடுத்ததில் சிங்கப்பூர், ஒன்றிரண்டு ஆஸ்திரேலியாகூட. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தோட்டம் கலைந்து எங்கெங்கே போனது என்பதற்கான வரைபடம் அந்தப் பக்கங்களில் இருக்கிறது. மக்கள் போன பிறகும் காசு மட்டும் கோயிலுக்குத் திரும்பி வருகிறது. எத்தனை காலம் வருகிறது? எப்போது நிற்கிறது? பிள்ளைகள் தலைமுறையில் தொடர்கிறதா? இது எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் யாரையும் இதுவரை நான் பார்க்கவில்லை. ஒரு கோயிலை வைத்துச் சொல்லிவிடவும் முடியாது. நிறைய மலர்கள் வேண்டும், பெயர்களை இணைத்துப் பார்க்கக் கணினி வேண்டும். இப்போதுதான் இயந்திரத்துக்கு வேலை வந்தது.

அந்தப் பட்டியலில் என் பாட்டியைத் தேடினேன். அன்னதானக் கூடத்தில் முப்பது வருஷம் சாம்பார் கிண்டியவர். தேடலில் ஒன்றும் வரவில்லை. தாத்தா பெயர் இருக்கிறது, 'குடும்பத்தார்' என்ற ஒரு சொல்லோடு. பாட்டி அந்தச் சொல்லுக்குள் இருக்கிறார். பணம் கொடுத்தவர் பட்டியலில் ஏறுகிறார், உடம்பால் உழைத்தவர் ஏறுவதில்லை. பட்டியலை அப்படியே கணினியில் ஏற்றினால் எங்கள் கோயிலைக் கட்டியது முழுக்க ஆண்கள்தான் என்று என் அழகான வரைபடம் சாதிக்கும். இதையும் ஒரு பத்தியாக எழுதி விரிவுரையாளருக்கு மறுபடி அனுப்பினேன். "இப்போது பேசலாம், தம்பி. நேரில் வாங்க" என்று பதில் வந்தது.

அவரிடமும் சில ஆராய்ச்சி மாணவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டத்தின் பெயரில் 'டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ்' என்று இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் இதற்கென்றே தனித்துறை இருக்கிறது, அங்கே முனைவர் பட்டமும் செய்யலாம். ஆனால் இந்த வகை ஆய்வு செய்பவர்கள் பலர் வரலாறு, மொழியியல், நூலகவியல், கணினியியல் துறைகளில்தான் பதிந்திருக்கிறார்கள். தமிழ்ச் சுவடிகள் பக்கம் ஆர்வம் இருந்தால் ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். ஏவா வில்டன் தலைமையில் 2014 முதல் 2019 வரை தமிழ்ச் சுவடிகளைப் பற்றிய பெரிய ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் ஒன்று நடந்தது. நம் நாட்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956-இல் தொடங்கியது. தனிநாயகம் அடிகள் அங்கே இருந்த காலத்தில்தான் 1966-இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. தமிழாராய்ச்சி என்றால் வெளியூருக்குத்தான் போக வேண்டும் என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறோம்.

எந்தத் துறையாக இருந்தாலும் மேற்பார்வையாளர்தான் முக்கியம். முடிந்தால் இருவர், மொழியோ வரலாறோ தெரிந்த ஒருவர், கணினி தெரிந்த ஒருவர். எஞ்சினியரிங் முடித்து நேரே முனைவர் பட்டத்துக்குக் குதிப்பதைவிட முதுகலை ஒன்றைச் செய்துவிட்டுப் போவது நல்லது என்றே எல்லாரும் சொல்கிறார்கள். நமக்குக் கட்டுரை எழுதிப் பழக்கமே இல்லை, ரிப்போர்ட்தான் எழுதியிருக்கிறோம். பைத்தான் நமக்கு மூன்று மாதத்தில் வந்துவிடும். ஒரு பழைய ஆவணத்தைச் சந்தேகத்தோடு படிக்கும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் வராது. எஸ்.பி.எம்.மில் தமிழ் இலக்கியம் எடுத்தவர்கள் இந்த இடத்தில் என்னைவிட முன்னால் நிற்கிறீர்கள். 'அதை எடுத்து என்ன பிரயோஜனம்' என்று கேட்டவர்களுக்கு இப்போது பதில் சொல்லலாம். உரைகளில் ஆள்பெயர், ஊர்ப்பெயர், தேதி என்று குறியிடுவதற்கு டிஇஐ என்ற பொது நெறிமுறை இருக்கிறது, 1987-இல் தொடங்கியது. அதைக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் மென்பொருள் பழசாகிப் போன பிறகும் அந்தக் கோப்பை இன்னொருவர் திறக்க முடியும்.

வேலை? அம்மா கேட்டதும் இதைத்தான். "நாலு வருஷம் எஞ்சினியரிங் படிச்சிட்டு, கோயில் புக்கைப் படிக்கப் போறியாடா?" மழுப்ப விரும்பவில்லை. பல்கலைக்கழக வேலைகள் குறைவு, பிஎச்டி முழுநேரமாகச் செய்தாலே மூன்று நான்கு ஆண்டுகள் போகும், படிப்புக் கடன் காத்திருக்காது. நூலகம், ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், மொழித் தொழில்நுட்ப நிறுவனம் என்று வேறு வழிகளும் உண்டு. நான் முதலில் ஓரிரு வருஷம் வேலைக்குப் போய், கூடவே முதுகலையைப் பகுதிநேரமாகச் செய்யலாம் என்று இருக்கிறேன். அம்மாவுக்கு இதில் பாதிச் சம்மதம்.

தள்ளிப்போட முடியாதது ஒன்றுதான், அந்தத் தாள்கள். சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியம் தமிழ் முரசின் பழைய இதழ்களை மின்னிலக்கமாக்கியிருக்கிறது. அங்குள்ள தமிழ்ச் சமூகத்தோடு சேர்ந்து, 1965 முதல் 50 ஆண்டு சிங்கப்பூர்த் தமிழ் நூல்களையும் 2015-இல் மின்னிலக்கத் தொகுப்பாக்கினார்கள். 1924-இல் பிறந்த நம் தமிழ் நேசன் 2019-இல் நின்றுபோனது. பத்திரிகைக்காவது நூலகம் உண்டு. கோயில் மலர் 300 பிரதி, 500 பிரதி அச்சடித்து விழாவன்று கொடுப்பது. அதை யார் சேர்த்து வைக்கிறார்கள்?

உங்கள் கோயில் ஸ்டோரிலோ தாத்தா பீரோவிலோ மலர் கிடைத்தால் முதலில் நிர்வாகத்திடம் சொல்லி அனுமதி வாங்குங்கள். பட்டியலில் இருப்பவர்கள் பலர் இன்னும் உயிரோடு இருப்பவர்கள், பெயர்களை எடுத்துக் கண்டபடி ஃபேஸ்புக்கில் போட்டுவிடக் கூடாது. பிறகு பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாக, போனிலேயே பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். விளம்பரப் பக்கங்களைத் தாண்டிப் போக வேண்டாம். தங்கமாளிகை, மளிகைக் கடை, லாரிக் கம்பெனி விளம்பரங்களில் ஊரின் வியாபாரமே இருக்கிறது. அட்டையின் பின்பக்கத்தில் கீழே சின்ன எழுத்தில் அச்சகத்தின் பெயரும் முகவரியும் இருக்கும், அதையும் எடுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது கோயில், ஊர், ஆண்டு, பக்க எண் நான்கையும் போடுங்கள். ஒரு பிரதி உங்களிடம், ஒன்று கோயிலிடம், ஒன்று வேறு யாரிடமாவது. கடைசியாக, அந்த மலரை வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டி, 'குடும்பத்தார்' என்று இருக்கும் இடங்களில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டுத் தனியாக எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் அந்த வேலையை அம்மா ஏற்றுக்கொண்டிருக்கிறார், மூன்றாவது பக்கத்தில் இருக்கிறோம்.